சிலுவை எது, சுமை எது?

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அதற்கு இரண்டு மூன்று கிழமைகளின் பின், தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த செபக்கூட்டத்தில் நானும் இருந்தேன். வாங்குகளை அடுக்கி ஒரு மூலையில் வைத்துவிட்டு, குடும்பத்துக்கு ஒரு பாய் என்று நிலத்தில் இடம் பிடித்திருந்த காலம். கூட்டத்துக்கு வந்த குரு ஒருவர், நாம் கடவுளை மறந்து வாழ்ந்ததாலேயே இந்த அழிவு வந்தது என்றும், எம்மைத் திருத்துவதற்காக ஓங்கப்பட்ட பிரம்பு இது என்றும் பிரசங்கித்தார். சிலர் தலையாட்டினார்கள். சில தாய்மார் அழுதார்கள்.

பிரசங்கம் முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு கமக்காரர் எழுந்தார். அறுபது வயதைக் கடந்தவர். வெங்காயமும் புகையிலையும் செய்த செம்மண் தோட்டக்காரர். கோவிலில் வாய் திறந்து பேசி நான் கண்டதில்லை. அவர் கேட்டது இதுதான்: "சுவாமி, நான் பாவி எண்டது சரி. என்னை அடிக்கட்டும். நான் கயித்தை அறுத்துவிட்டிட்டு வந்த மாடு என்ன பாவம் செய்தது?"

குருவானவரிடம் பதில் இருக்கவில்லை. அவரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அடுத்த நாள் அவர் திரும்பி வந்தார். அந்த ஐயாவின் பாயில் அவருக்குப் பக்கத்தில் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு இருவருமாகப் பின்வளவில் கிடுகு கட்டினார்கள். முதல்நாள் பிரசங்கத்தைவிட அந்தக் கிடுகு கட்டியதே நல்ல பிரசங்கம் என்று எனக்குப் பட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. எத்தனையோ இடப்பெயர்வுகளைக் கண்டபின், எத்தனையோ மேடைகளிலும் பலிபீடங்களிலும் துன்பத்துக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களைக் கேட்டபின், அதைப்பற்றி என் மனதில் பட்டதை எழுதத் துணிகிறேன். நான் வேதசாத்திரம் படித்தவனல்ல. கமத்தொழில் வேலைத்திட்டங்களில் நடந்து திரிந்தவன். வாசகர்கள் அதை மனதில் வைத்துப் படிக்கவேண்டும்.

துன்பம் பாவத்தின் சம்பளம் என்ற எண்ணம் கிறிஸ்தவர்களிடம் மட்டும் உள்ளதல்ல. எமது சைவ அயலவர்கள் வினைப்பயன் என்பார்கள். இருபகுதியாரும் சேர்ந்து தலைவிதி என்பார்கள். இப்படி நினைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் மனம் ஆறும். ஏன் என்று தெரியாத அடியைத் தாங்குவதைவிட, என் பிழைக்காக விழுந்த அடி என்று நினைத்துத் தாங்குவது இலகு. அதனால்தான் பாதிக்கப்பட்டவர்களே தம்மைத்தாமே குற்றவாளிகளாக்கிக் கொள்கிறார்கள். 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கிக் கரையோரங்களை அழித்தபோதும் இந்தப் பேச்சு எழுந்தது. அள்ளிக்கொண்டு போன பிள்ளைகளின் வயதை எண்ணிப் பார்த்தவர்கள் அப்படிப் பேசியிருக்கமாட்டார்கள்.

இயேசு இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டார். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றுவிட்டான் என்று சிலர் அவரிடம் வந்து சொல்கிறார்கள். அது அரசாங்கம் செய்த கொலை. அதற்குப் பதில் சொல்லும்போது, சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் இறந்ததை இயேசு தாமாகவே எடுத்துச் சொல்கிறார். அது விபத்து. ஆயுதம் பிடித்தவன் செய்த கொடுமை, தற்செயலாக வந்த அனர்த்தம் ஆகிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொல்கிறார். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோதும் அதே பதில்தான்.

அந்த 13ஆம் அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. அதை விட்டுவிட்டுப் போவது நேர்மையாகாது. இல்லை என்று சொன்ன கையோடு, நீங்கள் மனந்திரும்பாவிட்டால் என்று கேட்டவர்களின் பக்கமே விரலைத் திருப்புகிறார். செத்தவர்களின் பாவத்தை ஆராய வந்தவர்களை, இருப்பவர்களாகிய உங்கள் நடத்தையைப் பாருங்கள் என்கிறார். இதற்குப் பிறகு வருவேன். (அதன்பின் உடனே வருவது காய்க்காத அத்திமரத்தின் கதை. மூன்று வருடம் காய்க்கவில்லை, தறித்துவிடு என்று தோட்டச் சொந்தக்காரன் சொல்ல, இன்னும் ஒரு வருடம் பொறுங்கள், சுற்றிக் கொத்தி எருப் போட்டுப் பார்க்கிறேன் என்று தோட்டத்தில் வேலைசெய்பவன் மன்றாடுகிறான். மண்வெட்டி பிடித்தவனுக்குத்தான் மரத்தின் அருமை தெரியும்.)

யோபுவின் கதையை நாம் பொறுமைக்கு உதாரணமாகவே கேட்டு வளர்ந்தோம். ஆனால் அந்தப் புத்தகத்தை முழுவதும் வாசிப்பவர் குறைவு. யோபு ஒரு பெரிய கமக்காரன். 500 சோடி ஏர்மாடு வைத்திருந்தவன். அவனுக்கு வந்த முதலாவது கெட்ட செய்தி எது தெரியுமா? மாடுகள் உழுதுகொண்டிருந்தன, சபேயர் வந்து விழுந்து அவற்றைப் பிடித்துக்கொண்டு வேலையாட்களை வெட்டிப்போட்டார்கள் என்பதுதான். பின்னர் வானத்திலிருந்து நெருப்பு. பின்னர் கல்தேயரின் மூன்று படைகள். கடைசியில் பெருங்காற்றில் வீடு விழுந்து பத்துப் பிள்ளைகளும் இறந்தார்கள். மனிதன் செய்த அழிவும் இயற்கை செய்த அழிவும் ஒன்றுமாறி ஒன்று வருகின்றன. ஏரைப் பூட்டியபடியே விட்டு ஓடியவர்களுக்கு இது பழைய கதையல்ல.

மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் யோபுவோடு நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்தபின்தான் பிழைத்துப் போனார்கள். நீ ஏதோ செய்திருக்கவேண்டும், ஒப்புக்கொள் என்று அதிகாரம் அதிகாரமாக வற்புறுத்துகிறார்கள். யோபு பொறுமையாக இருக்கவில்லை. பிறந்த நாளைச் சபிக்கிறான். கடவுளை வழக்குக்கு இழுக்கிறான். என் பெயரில் என்ன குற்றப்பத்திரம் உண்டு, காட்டும் என்கிறான். கடைசியில் கடவுள் யாரைக் கண்டித்தார்? கத்திய யோபுவையும் அவர் கேள்விகளால் மடக்கினார்தான். ஆனால் கோபம் மூண்டது அந்த நண்பர்கள்மேல். யோபுவைப்போல் அவர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்றார். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் தோற்றார்கள். கடவுளோடு சண்டை பிடித்தவன் வென்றான். எமது செபக்கூட்டங்களில் அழுகைக்கும் கோபத்துக்கும் எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்று இதை வைத்து யோசிக்கவேண்டும்.

யோபுவின் கதை நல்லபடியாக முடிந்தது என்பார்கள். 500 சோடி ஏர்மாடு 1000 சோடியானது. 7000 ஆடு 14000 ஆனது. எல்லாம் இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை. முன்னர் ஏழு ஆணும் மூன்று பெண்ணும். பின்னரும் அதே ஏழும் மூன்றும். இறந்த பத்துப் பேரும் எழும்பி வரவில்லை. வீட்டுத்திட்டம் கிடைக்கலாம், மாடு கிடைக்கலாம், நட்டஈடும் கிடைக்கலாம். பிள்ளைக்கு ஈடு இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் உட்கார்ந்தபோது, இன்னும் எத்தனை நாள் அழுவார்கள், பழசை மறந்து முன்னேறினால் என்ன என்று கேட்ட நல்ல கிறிஸ்தவர்களை எனக்குத் தெரியும். தன் பிள்ளைகளுக்காக அழுது, ஆறுதலை ஏற்க மறுத்த ராகேலைப்பற்றி எரேமியா எழுதியிருக்கிறார். ஏன் ஆறுதலை மறுத்தாய் என்று வேதாகமத்தில் ஒருவரும் அவளைக் கண்டிக்கவில்லை.

தண்டனை என்ற விளக்கம் இப்போது சற்றுக் குறைந்துவிட்டது. அதன் இடத்துக்குச் சோதனை என்ற விளக்கம் வந்திருக்கிறது. கடவுள் தாம் நேசிப்பவரைச் சோதிக்கிறார், பொறுமையாயிருங்கள், எல்லாம் நன்மைக்கே. பொறுமை நல்ல குணந்தான். சிறுபோகம் பொய்த்தால் காலபோகத்தைப் பார்த்திருக்கத் தெரியாதவன் கமம் செய்ய முடியாது. ஆனால் யார் யாரைப் பார்த்துப் பொறுமை என்கிறார் என்பதையும் கவனிக்கவேண்டும். பறிகொடுத்தவனுக்குப் பொறுமையைப் போதித்துவிட்டுப் பறித்தவனுக்கு ஒன்றும் சொல்லாமல் போனால், அந்தப் போதனையின் இலாபம் யாருக்கு?

நாபோத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். அரண்மனைக்குப் பக்கத்தில் அவனுடைய திராட்சைத் தோட்டம். ஆகாப் அரசன் அதைக் கேட்கிறான். சும்மா கேட்கவில்லை, அதைவிட நல்ல தோட்டம் ஒன்று தருகிறேன், அல்லது பணமாகத் தருகிறேன் என்கிறான். மாற்றுக் காணியும் நட்டஈடும் அப்போதே இருந்திருக்கின்றன! நாபோத் மறுத்துவிட்டான். விலை போதாது என்றல்ல; தகப்பன் வழி வந்த முதுசம், கொடுக்கக்கூடாது என்றான். அதன்பின் பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கல்லெறிந்து கொன்று தோட்டத்தை எடுத்தார்கள். அப்போது கடவுள் எலியாவை எங்கே அனுப்பினார்? நாபோத்தின் வீட்டாரிடம் போய், இது சோதனை, சகித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அனுப்பவில்லை. ஆகாப் நின்றுகொண்டிருந்த அந்தத் தோட்டத்துக்கே அனுப்பி, கொன்றாய், எடுத்தும் கொண்டாயா என்று கேட்கச் சொன்னார்.

முல்லைத்தீவில் கேப்பாப்புலவு மக்களுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. 2012இல் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது அவர்களைச் சொந்த ஊருக்கு விடாமல் வேறிடத்தில் மாதிரிக் கிராமம் என்று குடியேற்றினார்கள். 2017 ஜனவரி 31ஆம் திகதி பிலக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணிகளுக்கு முன்பாக வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் கூட. பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம் இருந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி அவர்களுடைய காணிகள் விடப்பட்டன. அந்த ஒரு மாதம் அவர்கள் காட்டியதும் பொறுமைதான். அதைப் பொறுமை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

இங்கேதான் எமக்கு மிகப் பழக்கமான சொல் வருகிறது. சிலுவை. குடிகாரக் கணவன் சிலுவை, தீராத வருத்தம் சிலுவை, அகதி வாழ்வு சிலுவை. கிடைத்த சிலுவையை முறுமுறுக்காமல் சுமக்கவேண்டும் என்று நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் இந்தச் சொல்லை இப்படி எல்லாவற்றுக்கும் பாவிப்பது பிழை என்பது என் அபிப்பிராயம்.

இயேசு துன்பத்தைத் தேடிப்போனவர் அல்ல. வருத்தக்காரரைக் கண்டபோது, இது உன் சிலுவை, வைத்துக்கொள் என்று ஒருவருக்காவது அவர் சொன்னாரா? கண்ட கண்ட இடத்தில் சுகமாக்கினார். பசித்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார். தமக்கு வந்தபோதும் ஒலிவமலைத் தோட்டத்தில் வியர்வை சொட்ட, இந்தக் கிண்ணம் என்னை விட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று மன்றாடினார். சிலுவையில் தொங்கியபோது, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கத்தினார். அவருக்குச் சிலுவை வந்தது ஏழைகளோடு நின்றதாலும், ஆலயத்தில் வியாபாரம் செய்தவர்களை விரட்டியதாலும், அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு உண்மையைச் சொன்னதாலும். அந்த வழியில் நடந்தால் இதுதான் கிடைக்கும் என்று தெரிந்தும் அவர் விலகவில்லை. தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு என் பின்னே வா என்று அவர் சொன்னது அந்த வழியைப்பற்றி. மற்றவனுக்காகத் தானாக எடுக்கும் சுமைதான் சிலுவை.

அதே கல்வாரிப் பாதையில் இன்னொருவரும் சிலுவை சுமந்தார். சீமோன் என்ற சிரேனே ஊரவர். நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர் என்று மாற்கு எழுதுகிறார். தோட்டந்துரவில் வேலை முடித்து வந்த மனிதனாகவே நான் அவரை எப்போதும் நினைப்பதுண்டு. வழியில் போனவரைப் படைவீரர் பிடித்து, கட்டாயப்படுத்தித் தூக்கச் செய்தார்கள். அவர் கேட்டு எடுத்ததல்ல. எமது மக்களின் தோளில் ஏறியது பெரும்பாலும் சீமோனின் சுமை. துவக்கு வைத்திருந்தவர்கள் ஏற்றிய சுமை. அதை ஏற்றியவர்கள் ஒரு பகுதியார் மட்டுந்தான் என்றும் நான் சொல்லமாட்டேன். எல்லாப் பகுதியாரும் ஏற்றியதை வன்னியில் 2009இல் இருந்தவர்கள் அறிவார்கள். அந்தச் சுமையைச் சுமக்கத்தான் வேண்டியிருந்தது, இறக்கி வைக்க இடமில்லை. ஆனால் அதைக் கடவுள் தந்தது என்று சொன்னால், ஏற்றியவனின் பிழையைக் கடவுளின் கணக்கில் எழுதியதாகும். இறக்கக்கூடிய இடம் வந்தால் இறக்கவேண்டும். அதற்காக மனச்சாட்சிக்குப் பயப்படத் தேவையில்லை. சீமோனுக்குப் பக்கத்தில் அதே பாதையில், அதே அடியை வாங்கியபடி இயேசு நடந்துகொண்டிருந்தார் என்பதுதான் இதிலே எமக்குள்ள ஆறுதல். விளக்கம் என்று ஒன்றும் இல்லை. கூட நடக்கிற ஒருவர் உண்டு.

மனந்திரும்புதலைப்பற்றிப் பிறகு வருவேன் என்றேன். துன்பம் மனிதனைப் புடம்போட்டு நல்லவனாக்கும் என்பார்கள். நான் கண்டது அப்படியல்ல. 1995இல் ஒரே மரத்தின் கீழ் ஒரே மழையில் நனைந்து வந்தவர்கள், ஒரு வளவுக்குள் வந்ததும் கிணற்றடியில் சாதி பார்த்தார்கள். யார் கயிறு பிடிக்கலாம், யாருக்கு வேறொருவர் அள்ளி ஊற்றவேண்டும் என்று அகதியே அகதிக்குச் சட்டம் வைத்தான். கோவில் வளவிலும் இதைக் கண்டேன். அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன், 1990 ஒக்டோபரில், வடக்கில் இருந்த முஸ்லிம் மக்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். உடுத்த உடுப்போடு, கையில் கொஞ்சக் காசோடு புத்தளம் பக்கம் போனார்கள். அவர்களிலும் வயல் விட்டுப் போனவர்கள் உண்டு, மாடு விட்டுப் போனவர்கள் உண்டு. நாம் என்ன செய்தோம்? பயம் இருந்தது, உண்மை. ஆனால் பயத்தைவிட அதிகமாகவும் ஏதோ இருந்தது. ஐந்து வருடத்தின் பின் நாமும் உடுத்த உடுப்போடு நடந்தபோது, அவர்களை நினைத்துக்கொண்டவர்கள் எத்தனைபேர்? எமக்கு வந்தது அதற்கான தண்டனை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இதுவரை எழுதியதெல்லாம் வீண். ஆனால் இயேசு கேட்ட மனந்திரும்புதல் இந்த இடத்தில்தான் எமக்குப் பொருந்துகிறது.

எகிப்தில் நீங்கள் அந்நியராயிருந்தீர்கள், ஆகையால் அந்நியனின் மனம் உங்களுக்குத் தெரியும் என்பது மோசேயின் சட்டத்தின் அடிப்படை. அதைச் சொல்லிவிட்டு அந்தச் சட்டம் வயலுக்குள் இறங்குகிறது. ஓரம் வரைக்கும் ஒட்ட அரிவு வெட்டாதே. மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே. அது அந்நியனுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது. ரூத் என்ற அந்நியப் பெண் பெத்லகேமில் கதிர் பொறுக்கித் தன் மாமியைக் காப்பாற்றியது அந்தச் சட்டத்தால். எங்கள் ஊர் வயல்களிலும் அரிவு வெட்டு முடியக் கதிர் பொறுக்க ஆட்கள் வருவார்கள், ஒருவரும் தடுப்பதில்லை. இப்போது வெட்டும் இயந்திரம் வந்து வயலைத் துடைத்துவிட்டுப் போகிறது. பொறுக்குகிறவர்களுக்கு மிச்சம் குறைவு. வேறு எந்த வகையில் அந்த ஓரத்தை விடலாம் என்பதை எமது கமக்காரர் அமைப்புக்கள் பேசினால் நல்லது.

கடைசியாக எரேமியா. துன்பத்தைப்பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் இவரை ஏன் அதிகம் எடுப்பதில்லை என்று எனக்கு விளங்குவதில்லை. காணி பூமி தெரிந்த இறைவாக்கினர் இவர். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அங்கே வேறு சிலர், பயப்படாதீர்கள், கெதியில் ஊருக்குப் போய்விடலாம் என்று நம்பிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எரேமியா அப்படி எழுதவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் செய்யுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நன்மைக்காகச் செபியுங்கள் என்று எழுதினார். வந்த இடத்தில் வாழுங்கள் என்பதே அதன் கருத்து.

அதை மட்டும் படித்தால், ஊரை மறந்துவிடு என்கிறார் போலிருக்கும். ஆனால் அதே எரேமியா இன்னொன்றும் செய்தார். எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைத்திருந்த நேரம், கி.மு. 587 அளவில். எரேமியா அரசனின் காவலில் அடைபட்டிருந்தார். அப்போது சிறிய தகப்பனின் மகன் வந்து, ஆனதோத்தில் உள்ள என் காணியை வாங்கு, வாங்குகிற உரிமை உனக்குத்தான் முதலில் என்கிறான். எமது தேசவழமையிலும் காணி விற்கமுன் பங்குக்காரருக்கும் உரித்துக்காரருக்கும் அறிவிக்கவேண்டும் என்றுண்டு. ஆகையால் இது எமக்கு விளங்காத விடயமல்ல. அந்தக் காணி எதிரியின் கையில். வாங்குபவர் மறியலில். புத்தியுள்ள எவனும் வாங்கமாட்டான். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்; உறுதி எழுதினார்; சாட்சிகள் கையொப்பம் வைத்தார்கள்; முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுநாள் பழுதாகாமல் இருக்கும்படி மண்பாத்திரத்தில் வைக்கச் சொன்னார். வேதாகமத்தில் ஒரு காணி உறுதி இவ்வளவு விபரமாக வேறெங்கும் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. இந்த நாட்டில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம்.

உறுதி முடித்த பிறகு எரேமியாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நகரம் விழப்போகிறது, நீர் என்னைக் காணி வாங்கச் சொன்னீரே என்று கடவுளிடம் கேட்கிறார். அந்தக் காணியில் அவர் ஒருநாளும் கொத்தியதாக எழுதப்படவில்லை. பின்னர் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் உறுதி இருந்தது.

வந்த இடத்தில் தோட்டம் செய், விட்டுவந்த இடத்தின் உறுதியைப் பத்திரப்படுத்து. இரண்டையும் ஒரே ஆள் சொன்னார். இதில் ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டதாகும் என்று நினைத்து எமது மக்கள் படும் பாட்டை நான் கண்டிருக்கிறேன். வலிகாமம் வடக்கில் இருந்து 1990இல் வெளியேறிய ஒரு அம்மாவைத் தெரியும். உறவினர் ஒருவரின் வளவில் கொட்டில் போட்டிருந்தார். நாங்கள் தென்னம்பிள்ளை கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். "தம்பி, தென்னை காய்க்க அஞ்சாறு வரியம் செல்லும். அஞ்சாறு வரியம் இஞ்சை இருக்கப்போறன் எண்டு நினைச்சால்தானே வைக்கலாம்" என்றார். கத்தரி, மிளகாய் வைப்பார், பயற்றங்கொடி போடுவார், ஒரு போகத்துக்கு மேல் நிற்கிற எதையும் வைக்கமாட்டார். அவரைப் பிடிவாதக்காரி என்று எங்கள் உத்தியோகத்தர் அறிக்கையில் எழுதினார். அது பிடிவாதமல்ல. அதுவும் ஒருவகை விசுவாசம் என்று எனக்குப் பின்னர்தான் விளங்கியது. பல வருடங்கள் கழித்து மருமகன் இரண்டு தென்னை வைத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றியது அவர்தான்.

பிஸ்கட் தகரம் ஒன்றுக்குள் பொலித்தீனில் சுற்றியபடி உறுதியை வைத்திருந்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. உறுதி எரிந்தவர்களும் தண்ணீரில் போனவர்களும் உண்டு. இதைப் படிக்கிறவர்களில் அப்படி யாராவது இருந்தால், காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுக்கலாம் என்பதை அறிந்துகொள்ளுங்கள். உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் என்பவற்றில் எது தெரிந்தாலும் கொண்டுபோங்கள், தேடுவது இலகுவாகும். அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்தில் கேட்கவேண்டும். பங்குக் குருமார் ஞாயிறு பூசையின் பின் ஒரு மேசை போட்டு, எழுத வாசிக்கத் தெரிந்த இளைஞர் இருவரை இருத்தி, வயதானவர்கள் சொல்லச் சொல்ல எல்லை, பரப்பு, அயற்காணிக்காரர் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதி வைப்பது நல்லது. அவர்கள் போய்விட்டால் எல்லையும் அவர்களோடு போய்விடும்.

அந்த அம்மாவின் காணியை விட்ட அன்று நானும் கூடப் போனேன். வீடு இருந்த இடம் தெரியவில்லை. கிணறு இடிந்து தூர்ந்திருந்தது. ஆளுயரப் பற்றை. உறுதியைக் கையில் பிடித்தபடி அவர் முன்னே நடக்க, நிலஅளவையாளர் பின்னே போனார். வடகிழக்கு மூலைக்கல்லை ஒரு பூவரசின் வேருக்குள் கண்டுபிடித்தோம். தெற்குப் பக்கத்துக் கல் ஒன்றை மருமகன் மண்வெட்டியால் தட்டிப் பார்த்து எடுத்தார். மற்ற இரண்டையும் இன்னும் தேடுகிறார்கள்.